பிப்ரவரி ஆர்ட் கிளாஸ்: கறுப்பின ஓவியர்கள வச்சு மூணாம் கிளாஸுக்கு என்ன ப்ராஜெக்ட் பண்ணலாம்?

கரிசல்பொண்ணு:
வணக்கம் மக்களே. எங்க எலிமென்டரி ஸ்கூல்ல தனியா ஆர்ட் டீச்சர் கிடையாது, பேரன்ட்ஸ்ல யாராவது மாசம் ஒருக்கா போய் ஒரு ஓவியரப் பத்தி கொஞ்ச நேரம் பேசிட்டு பசங்கள ஏதாவது செய்ய வைக்கணும், இந்த வருஷம் என் பொண்ணு மூணாம் கிளாஸ், வேலை என் தலையில விழுந்துருச்சு. இங்க அமெரிக்கால பிப்ரவரி ப்ளாக் ஹிஸ்டரி மன்த், அதாவது கறுப்பின மக்களோட வரலாற நினைக்கற மாசம்ங்கறதால கறுப்பின ஓவியர் யாரையாச்சும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் வந்தவங்க மார்ட்டின் லூதர் கிங் படத்த பிரின்ட் எடுத்துக் குடுத்து கலர் அடிக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான் கிளாஸ். எனக்கு அப்படிப் பண்ண மனசு வரல. ஒரு மணி நேரம்கூட முழுசா கிடைக்காது, கைவசம் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர், க்ளூ ஸ்டிக், டெம்பரா பெயின்ட் இருக்கு, பிடிஏ கொஞ்சம் காசு தரும், கொஞ்சம்னா ரொம்பக் கொஞ்சம். நெட்ல தேடினா எல்லாம் 'ஈஸி கிராஃப்ட்'னு ஒரே மாதிரி வருது. பண்ணிப் பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

வெட்டி ஆபீசர்:
பாஸ்கியான்னு ஒரு நியூயார்க் ஓவியர், அவர எடுங்க, கண்ண மூடிட்டு எடுங்க. மூணு முனை கிரீடம், டைனோசர், கிறுக்கல் எழுத்து. ஆயில் பேஸ்டல் கையில குடுத்துட்டா பசங்க பிச்சு உதறிருவாங்க. எனக்கு வரையவே வராதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற பையன்கூட அன்னிக்கு ஹீரோ.

மக்ரூன் பிரியன்:
ஐயோ மறுபடி கிரீடமா. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல வருஷா வருஷம் ஒரு கிரீடம் ஒட்டியிருக்கு. யாருடா இந்த பாஸ்கியான்னு பையன்கிட்ட கேட்டா 'கிரவுன் கய்'ங்கறான். அவ்ளோதான் அவனுக்குத் தெரியும்.

சாந்துப்பொட்டு:
நான் மேரிலேண்ட் பக்கம் பப்ளிக் ஸ்கூல்ல ஆர்ட் டீச்சர், அதனால கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கோங்க.

கரிசல்பொண்ணு, ஆல்மா தாமஸ் பாருங்க. 1891ல ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸ்ல பிறந்தவங்க, 1907ல குடும்பமே வாஷிங்டன் டிசிக்கு வந்துருச்சு, ஹோவர்ட் யுனிவர்சிட்டியில ஃபைன் ஆர்ட்ஸ் டிபார்ட்மென்ட்டோட முதல் கிராஜுவேட் அவங்கதான், 1924. அப்புறம் டிசியில ஒரு ஜூனியர் ஹைஸ்கூல்ல 35 வருஷம் ஆர்ட் டீச்சர். 1960ல ரிட்டயர் ஆகி, எழுபத தாண்டினப்புறம்தான் நாம இன்னிக்கு அவங்க ஸ்டைல்னு சொல்ற அந்த சின்னச் சின்ன பட்டை பட்டையான கலர் பெயின்டிங் எல்லாம் வருது. வீட்டு ஜன்னலுக்கு வெளிய ஒரு ஹாலி மரம், அதோட இலைக்கு நடுவுல வெளிச்சம் உடைஞ்சு உடைஞ்சு விழறதப் பாத்து வந்த ஐடியா. 1972ல நியூயார்க் விட்னி மியூசியத்துல தனியா ஷோ வச்ச முதல் கறுப்பினப் பெண், அப்போ வயசு 80. 2015ல அவங்க பெயின்டிங் ஒண்ண வெள்ளை மாளிகை டைனிங் ரூம்ல மாட்டினாங்க.

ப்ராஜெக்ட்: நடுவுல ஒரு வட்டம், அதச் சுத்தி வளையம் வளையமா பட்டைகள், ஒவ்வொரு வளையமும் ஒரு கலர். பேப்பரக் கிழிச்சு ஒட்டலாம், இல்ல அரை இன்ச் தட்டை பிரஷ்ல ஒரு ஒத்து, பிரஷ்ஷத் தூக்கு, மறுபடி ஒரு ஒத்து. தயவுசெஞ்சு க்யூ டிப், அதான் காது குடையற பஞ்சுக் குச்சி, அதக் குடுக்காதீங்க. நெட்ல எல்லாரும் அதத்தான் போட்டிருக்காங்க.

கரிசல்பொண்ணு:
சூப்பர்க்கா. ஆனா க்யூ டிப் ஏன் வேணாம்? நானே ஒரு டப்பா எடுத்து வச்சிட்டேன்.

சாந்துப்பொட்டு:
க்யூ டிப்ல வர்றது புள்ளி. அவங்க போட்டது புள்ளியே இல்ல, ஒவ்வொண்ணும் ஓரம் ஒழுங்கில்லாத ஒரு குட்டிப் பட்டை, ரெண்டு பட்டைக்கு நடுவுல அடியில இருக்கற வெள்ளை எட்டிப் பாக்கும், பெயின்டிங்கே அந்தக் கேப்புலதான் இருக்கு. க்யூ டிப்னா பசங்க டொக்கு டொக்குன்னு குத்திட்டு அஞ்சு நிமிஷத்துல டன்ன்னு கை தூக்கிடுவாங்க. பிரஷ்ஷா இருந்தா வேகத்தக் குறைச்சாகணும். அப்படியும் கடைசி பத்து நிமிஷத்துல அவசரப்பட்டு கேப்ப எல்லாம் அடைச்சிடுவாங்க, அதுக்கு மருந்து இல்ல.

குறுக்குசால்:
தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு டவுட். கலர் வட்டம் ஒட்டினா அதுல ப்ளாக் ஹிஸ்டரி எங்க இருக்கு? ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி பேரச் சொல்லி இதே வட்டத்த ஒண்ணாங்கிளாஸ்லயே பண்ணியிருப்பாங்க. பேர் மட்டும் மாத்தி பிப்ரவரின்னு எழுதிட்டா ஆச்சா?

சாந்துப்பொட்டு:
நல்ல கேள்வி, தப்பா ஒண்ணும் எடுத்துக்கல. ஆல்மா தாமஸே, மனுஷன் மனுஷனுக்குப் பண்ற கொடுமைய விட அழகுலயும் சந்தோஷத்துலயும்தான் என் கவனம்ங்கற மாதிரி சொல்லியிருக்காங்க. சின்ன வயசுல கொலம்பஸ்ல எங்கள மியூசியத்துக்குள்ளயே விடமாட்டாங்கன்னு சொன்னதும் அவங்களேதான். மியூசியத்துக்குள்ளயே விடாத பொண்ணு 80 வயசுல நியூயார்க் மியூசியத்துல தன் படத்த மாட்டறாங்க. இத எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும், அது ஹிஸ்டரி இல்லியா? அழுகையும் அடியும் மட்டும்தான் கறுப்பின மக்களோட கதைன்னு பசங்க நினைச்சிட்டுப் போறதும் எனக்குப் பிடிக்கல.

குறுக்குசால்:
பாயின்ட் இருக்கு. ஆனா அந்தக் கதை உங்க வாயில இருக்கு, பசங்க கையில இருக்கறது வட்டம்தான். என்னோட கேள்வியே அதுதான். கை செய்யற வேலைக்குள்ளயே கதை இருக்கற மாதிரி எதாச்சும் இருக்கா?

ரயிலடி ராஜா:
இருக்கு ப்ரோ. ஜேக்கப் லாரன்ஸ்ங்கற ஓவியரோட மைக்ரேஷன் சீரிஸ். நியூயார்க்ல பாத்துட்டு நான் பைத்தியமாவே ஆயிட்டேன், அதனால கேக்காமயே சொல்றேன்.

முதல் உலகப்போர் சமயத்துலருந்து தெற்கு மாநிலங்கள்ல இருந்த கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமா வடக்க சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட்னு போக ஆரம்பிச்சாங்க, 1970 வரைக்கும் கணக்கெடுத்தா சுமாரா 60 லட்சம் பேர். லாரன்ஸோட அப்பா அம்மாவே அப்படி வந்தவங்கதான். 1940-41ல, அவருக்கு 23 வயசு, அந்தக் கதைய 60 பலகையில வரையறாரு. முதல்ல ஹார்லெம் லைப்ரரில உக்காந்து படிச்சு ஒவ்வொரு படத்துக்கும் கீழ வர்ற வாக்கியத்த எழுதிட்டாரு, அப்புறம்தான் படம். அதையும் ஒண்ண முடிச்சிட்டு அடுத்ததுன்னு போகல. எல்லாப் பலகையையும் பரப்பி வச்சு, முதல்ல எங்கெங்க கறுப்பு வரணுமோ அத்தனையிலயும் கறுப்பு, அப்புறம் பழுப்பு, அப்படியே வெளிர் கலருக்கு. அதனாலதான் 60 படத்துலயும் அதே நீலம் அதே மஞ்சள் வரும், பாக்க ஒரே படம் மாதிரி இருக்கும். பலகைகளத் தயார் பண்றதுக்கு க்வென்டலின் நைட் உதவினாங்க, அவங்களும் ஆர்டிஸ்ட், அப்புறம் அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இப்போ ஒத்தைப்படை நம்பர் எல்லாம் வாஷிங்டன் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷன்ல, இரட்டைப்படை எல்லாம் நியூயார்க் மோமா மியூசியத்துல. பங்காளிங்க பாகம் பிரிச்ச மாதிரி.

கிளாஸுக்கு எப்படின்னா, அந்தப் பலகை சைஸ் 12க்கு 18 இன்ச். உங்க ஸ்கூல்ல இருக்கற பெரிய கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர் சைஸும் அதேதான்! ஆளுக்கு ஒரு பேப்பர், முதல்ல வாக்கியம், அப்புறம் பென்சில், அப்புறம் மொத்த கிளாஸும் ஒரே நேரத்துல ஒரே கலர். மேஜையில ஒரு கலர் டப்பாதான் இருக்கும், எல்லாரும் முடிச்சப்புறம்தான் அடுத்த டப்பா வரும். ஒரு பையன் வேகமா போனாலும் காத்திருக்கணும். கடைசியில கயித்துல வரிசையா தொங்க விட்டா நிக்க வச்சிரும்.

மக்ரூன் பிரியன்:
செம்ம. பசங்க அவங்கவங்க குடும்பம் எங்கேருந்து வந்துச்சுன்னு வரையலாம்ல? நம்ம பிள்ளைங்க சென்னை ஏர்போர்ட் வரையும், மெக்ஸிகோ பிள்ளைங்க அவங்க கதைய வரையும், எல்லாருக்கும் கனெக்ட் ஆகும்.

ஆவாரம்பூ:
இங்கதான் எனக்கு உறுத்துது. நாம எச்1பி வாங்கி, கம்பெனி டிக்கெட் போட்டு, ரெண்டு பெட்டியில ஊறுகாய் கட்டிட்டு வந்தோம். அவங்க கிளம்பினது பருத்தியில காய் வண்டு விழுந்து பொழப்பு போயி, கூலியும் இல்லாம, மரத்துல கட்டித் தூக்குற கும்பலுக்கு பயந்து. அவங்க நாட்டுக்குள்ளயேதான் ஓடினாங்க, அதையும் மறக்காதீங்க. லாரன்ஸோட 15வது படத்துல ஒரு கிளை, சுருக்குக் கயிறு, கீழ குனிஞ்சு உக்காந்திருக்கற ஒரு ஆள், அவ்வளவுதான் இருக்கும். அதையும் நம்ம ஏர்போர்ட்டையும் ஒரே கயித்துல தொங்க விட்டு 'நாம எல்லாரும் மைக்ரன்ட்ஸ்'னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அவங்க கதைய எடுத்து நம்ம கதைய ஒட்டிட்டு வந்ததுதான் மிச்சம். பிப்ரவரில மட்டுமாவது அவங்க கதைய அவங்க கதையாவே விடலாமே.

ரயிலடி ராஜா:
ஒத்துக்கறேன். சொந்தக் குடும்பக் கதை வேற மாசத்துக்கு. பிப்ரவரில அந்த 60லருந்தே ஆளுக்கொரு வாக்கியத்த எடுத்துக் குடுத்து, ஒரிஜினல் படத்தக் காட்டாம வரைய விடுங்க, அப்புறம் அவர் எப்படி வரைஞ்சாருன்னு காட்டுங்க. மூணாங்கிளாஸுக்கு எந்த வாக்கியம்னு நீங்க பாத்து எடுக்கணும். 1வது, ஸ்டேஷன்ல சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ்னு மூணு வாசல்ல கூட்டம் நெருக்கற படம். 58வது, மூணு பொண்ணுங்க போர்டுல கணக்கு எழுதற படம், வடக்க படிப்பு கிடைச்சதப் பத்தி. ரெண்டுமே இந்த வயசுக்கு சரியா இருக்கும்.

வல்லைவெளி:
நான் கனடாவில இருந்து எழுதுறன். என்ட மகளின்ட வகுப்பில குவில்ட் கோட் எண்டு ஒண்டு செய்தவை. குவில்ட் எண்டால் துண்டுத் துணியளை ஒட்டித் தைச்ச போர்வை. அடிமையாய் இருந்த ஆக்கள் தப்பி ஓடேக்க வழியில இருக்கிற வீட்டுக்காரர் வேலியில குவில்ட் தொங்க விடுவினமாம், நட்சத்திர டிசைன் எண்டால் வடக்கால போ, வண்டிச்சில்லு எண்டால் சாமானைக் கட்டு, அப்பிடி ஒவ்வொண்டுக்கும் ஒரு அர்த்தம். பிள்ளையள் பேப்பரில சதுரம் சதுரமாய் வெட்டி தங்கட ரகசியச் செய்தியைச் செய்தவை. மகளுக்கு நல்ல விருப்பம். நீங்களும் செய்யலாம் எண்டு நினைக்கிறன், செலவும் இல்லை.

சாந்துப்பொட்டு:
வல்லைவெளி அக்கா, கோவிச்சுக்காதீங்க, பசங்களுக்குப் பிடிக்கற கதைதான், ஆனா அதுக்கு ஆதாரம் கிடையாது. 1999ல வந்த ஒரு புக்ல ஒரு குடும்பத்துப் பாட்டி சொன்னதா வந்து, அங்கேருந்து ஸ்கூல் ஸ்கூலா பரவிருச்சு. தப்பிச்சு வந்தவங்க தாங்களே எழுதி வச்ச சரித்திரம் எத்தனையோ இருக்கு, 1930கள்ல அடிமையா இருந்த முதியவங்ககிட்ட எடுத்த பேட்டிங்க ஆயிரக்கணக்குல இருக்கு, எதுலயும் இந்தக் கோட் பத்திப் பேச்சே இல்லங்கறாங்க வரலாற்றாளர்கள். நானே கேட்டா நம்பற மாதிரிதான் இருக்கும். ஆனா ஹிஸ்டரின்னு சொல்லிக் குடுக்க முடியாது.

வல்லைவெளி:
அப்பிடியோ! வகுப்பில அதை உண்மைக் கதை எண்டுதான் சொன்னவை. எங்களுக்கு ஒன்டாரியோவிலயே பக்ஸ்டன் எண்ட இடம் இருக்கு, தப்பி வந்த ஆக்கள் 1849 இல இருந்து காணி வாங்கி ஊர் கட்டி பள்ளிக்கூடம் நடத்தின இடம், இப்பவும் மியூசியம் இருக்கு. உண்மையான இடம் பக்கத்திலயே இருக்கேக்க ஏன் இந்தக் கதையைப் பிடிச்சவை எண்டு விளங்கேல்ல.

ஆவாரம்பூ:
குவில்ட்தான் வேணும்னா உண்மையான ஆள் ஹேரியட் பவர்ஸ் இருக்காங்க. ஜார்ஜியால அடிமையா பிறந்தவங்க, பைபிள் கதைகள துணியில வெட்டித் தச்சாங்க. காசுக்குக் கஷ்டம் வந்தப்போ அப்படித் தச்ச ஒரு குவில்ட்ட 10 டாலர் கேட்டு கடைசியில 5 டாலருக்கு வித்துட்டாங்க. இன்னிக்கு அது ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு.

பனியன்கம்பெனி:
ஏனுங்க, குவில்ட்டுன்னு பேச்சு வந்துட்டு இன்னும் ஜீஸ் பெண்ட் பேர ஒருத்தரும் சொல்லலீங்களே? நம்மூரு திருப்பூருங்க, கட்டிங் டேபிள் பக்கத்துலயே வளந்தவன், இப்போ அலபாமால வேலை, அதனால இதுல கொஞ்சம் ஆர்வமுங்க.

அலபாமா ஆறு லாடம் மாதிரி வளையற இடத்துல ஒரு ஊரு. மூணு பக்கம் தண்ணி. அந்தக் காலத்துல ஜீன்னு ஒருத்தரோட பருத்தித் தோட்டம், 1845ல பெட்வேன்னு ஒருத்தர் வாங்கினாரு, அவருகிட்ட அடிமையா இருந்தவங்களோட பேரப்பிள்ளைங்க பல பேருக்கு இன்னிக்கும் பெட்வேதான் பேரு. சனங்க ஓட்டுரிமைக்குப் பதிய ஆரம்பிச்சாங்க, ஆத்துக்கு அக்கரையில இருக்கற கேம்டன் டவுனுக்குத்தான் போகோணும், 1962ல பரிசல் சர்வீஸ நிறுத்திப் போட்டாங்க. பரிசல்னா நம்மூரு பரிசல் இல்லீங்க, கார் ஏத்தற ஃபெர்ரி. அப்புறம் ரோட்டு வழியா ஒரு மணி நேரம் சுத்திக்கிட்டுத்தான் போகோணும். திரும்ப விட்டது 2006லதானுங்க.

அந்த ஊரு பொம்பளைங்க தச்ச குவில்ட் எல்லாம் குளிருக்குப் போத்திக்கத் தச்சது. துணி எங்கேருந்துன்னா கிழிஞ்ச ஓவரால், வேலைக்குப் போட்ட பேன்ட்டு, மாவு மூட்டை. மிசௌரி பெட்வேங்கறவங்க 1942ல வீட்டுக்காரரு இறந்தப்புறம் அவரு போட்டிருந்த வேலைத்துணியவே வெட்டி ஒரு குவில்ட் தச்சிருக்காங்க, முழங்கால் ஒட்டு, வெயில்ல வெளுத்த நீலம் எல்லாம் அதுல அப்படியே தெரியும். 1972ல சியர்ஸ் கம்பெனி கார்டுராய் தலகாணி உறை ஆர்டர் குடுத்துச்சு, அந்த வெட்டுத்துணி மிச்சத்துலயும் குவில்ட் வந்துச்சு. 2002ல விட்னியில ஷோ, 2006ல தபால்தலை. மிஷெல் ஒபாமா படம் வரைஞ்ச ஏமி ஷெரால்டு, அந்தக் கவுன் டிசைனப் பாத்தா ஜீஸ் பெண்ட் ஞாபகம் வருதுன்னு சொன்னாங்க.

இப்போ பசங்களுக்கு: ஹவுஸ்டாப்னு ஒரு முறை இருக்குதுங்க. நடுவுல ஒரு சதுரத் துண்டு, அதச் சுத்தி நாலு பக்கமும் பட்டை, அதச் சுத்தி மறுபடி பட்டை. ஸ்கேல் கிடையாது, பட்டை கோணலாயிருந்தா அடுத்த பட்டை அதுக்குத் தக்கன வளையோணும். மொதல்லயே பிளான் போட்டு வெட்டினா இது வராது. இருக்கற துணியப் பாத்துப் பாத்து முடிவு பண்ணோணும்.

குறுக்குசால்:
இதான் கேட்டேன். துணி பத்தல, இருக்கறத வச்சு முடிவு பண்ணுங்கறது கையிலயே வந்துருச்சு.

வெட்டி ஆபீசர்:
எல்லாம் சரி, பாஸ்கியாவ ஏன் அடிச்சுத் தூக்கிப் போட்டீங்க? அவர் கிரீடத்த சும்மா அலங்காரத்துக்குப் போடல. 1982ல மட்டும் சுகர் ரே ராபின்சன், கேஷியஸ் க்ளேன்னு பாக்ஸர்கள வரைஞ்சிருக்காரு, ஜாஸ் இசைக்காரர் சார்லி பார்க்கர் பேர எத்தனை படத்துல எழுதியிருக்காரு. தனக்கு யாரெல்லாம் ராஜாவோ அவங்களுக்குக் கிரீடம். பசங்ககிட்ட 'நீ யாருக்குக் கிரீடம் வைப்பே, ஏன்?'னு கேட்டா கிளாஸே மாறிடும்.

மக்ரூன் பிரியன்:
அப்படிக் கேட்டா என் பையன் மெஸ்ஸிக்கு வைப்பான். ஆனா நீங்க சொன்னது நல்லாருக்கு, வாபஸ்.

ஆவாரம்பூ:
என்ன பண்ணக்கூடாதுன்னும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல்ல பஞ்சு உருண்டைய ஒட்டி பருத்திக்காடு, கறுப்புப் பேப்பர்ல சங்கிலி. செஞ்சவங்க நல்லெண்ணத்துலதான் செஞ்சாங்க. கிளாஸ்ல இருந்த ஒரே கறுப்பினப் பிள்ளைய மத்தவங்க திரும்பித் திரும்பிப் பாத்தாங்களாம். தயவுசெஞ்சு வேணாம். அப்புறம், முகம் வரையற ப்ராஜெக்ட் எதுவா இருந்தாலும் தோல் கலருக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போங்க. க்ரேயோலா 'ஃப்ளெஷ்'ங்கற பேர மாத்தி 'பீச்'னு வச்சதே 1962லதான், 24 தோல் நிறத்துக்குன்னு தனி டப்பா வந்தது 2020ல. அந்த டப்பா இல்லாட்டி கறுப்பும் பழுப்பும் மட்டும் மேஜையில போட்டுட்டு வந்துடாதீங்க, மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை வச்சு கலக்கச் சொல்லுங்க, அதுவே பசங்களுக்கு ஒரு தனிக் கிளாஸ்.

கரிசல்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. பிப்ரவரிக்கு ஜீஸ் பெண்ட் ஹவுஸ்டாப். ஆத்து மேப் ஒண்ணு போர்டுல வரைஞ்சு ஃபெர்ரி கதை சொல்லிட்டு, மிசௌரி பெட்வே குவில்ட் போட்டோ காட்டிட்டு ஆரம்பிச்சிடறேன். லாரன்ஸ் ஒரு நாள்ல முடியாது, கிளாஸ் டீச்சர்கிட்ட ரெண்டு பீரியட் கேட்டுப் பாக்கறேன். வீட்டுலருந்து பழைய துணி ஒண்ணு கொண்டு வரச் சொல்லலாமா? துணிய இந்த வயசுப் பசங்க வெட்ட முடியுமா, க்ளூ ஸ்டிக் பிடிக்குமா?

பனியன்கம்பெனி:
ஸ்கூல் கத்திரியில துணி வெட்டுப்படாதுங்க, மென்னு துப்பும். நீங்களே வீட்டுல பட்டையா கிழிச்சு எடுத்துட்டுப் போயிருங்க, காட்டன்ல ஓரத்துல ஒரு வெட்டு வச்சு இழுத்தா நேரா கிழியும், ஜீன்ஸுக்கு மட்டும் நல்ல கத்திரி. அகலம் ஒண்ணு போல இருக்க வேண்டாம், அதுதான் வேணும். நீளத்த மட்டும் பசங்க முடிவு பண்ணட்டும், வெட்டறதுக்குப் பெரியவங்க ரெண்டு பேரு நல்ல கத்திரியோட சுத்துங்க. டி-ஷர்ட் துணி வேண்டாமுங்க, சுருண்டுக்கும்.

சாந்துப்பொட்டு:
க்ளூ ஸ்டிக் துணிக்குப் பிடிக்காது. வெள்ளை க்ளூவ ஒரு மூடியில ஊத்தி பிரஷ்ல பேப்பர் மேல மெல்லிசா தடவி, துணிய மேல அழுத்தணும், துணியில தடவினா ஊறிப் போய் கறை தெரியும். அடியில 9 இன்ச் சதுரத்துக்கு கொஞ்சம் கனமான பேப்பர் வைங்க, கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர்னா ஈரத்துல நெளிஞ்சிடும். வீட்டுலருந்து துணி கொண்டு வரச் சொன்னா பாதிப் பேர் மறந்துடுவாங்க, சில பேருக்குக் குடுக்க இருக்காது, அதனால ஒரு பெட்டியில பொதுவா போட்டு வச்சிட்டு எல்லாரும் அதுலருந்தே எடுக்கட்டும், ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு மூணு பட்டைன்னு சொல்லிடுங்க. நீலம்தான் முதல்ல தீரும். தீரட்டும், அதுக்கப்புறம்தான் சுவாரஸ்யமா வரும்.